ஜேர்மன்காரரிடமிருந்து வந்த பெட்டிகள்

சிட்னிக்கு மேற்கே, மெரிலேண்ட்ஸில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் குசினி யன்னலால் பார்த்தால், பலகை வேலிக்கு மேலால் அடுத்த வளவின் காய்கறிப் பாத்தி தெரியும். அதில், எங்கள் ஊர்த் தோட்டங்களில் போலவே, தண்டு பந்தாகத் திரண்ட நோக்கோல் நின்றது. வந்த புதிதில் அதைக் கண்டு, கழுவிக்கொண்டிருந்த கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டேன். அந்த நாட்டுக் கடைகளில் நான் நோக்கோலைக் கண்டதில்லை. அந்த ஊர் வெள்ளைக்காரர் அதைத் தின்பார்கள் என்றும் எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்த வீட்டுக் கிழவர் அதை ஒழுங்காக வரிசை பிடித்து வளர்த்தார். வேலியடியில் போய் ஒன்று கேட்கலாமா என்று பல நாள் யோசித்தேன். கேட்கவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. இன்றைக்கு வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனில் இறங்கினால் முருங்கைக்காயும் வாங்கலாம், ஊர்ப்புதினமும் கேட்கலாம். அன்றைக்கு ரயிலில் பரமட்டா வரை போய் வந்தாலும் ஒரு தமிழ் முகம் கண்ணில் படாது. என் கணவர் மின்பொறியியலாளர். சிட்னிக்கு வடக்கே, நிலக்கரி வெட்டும் பக்கத்தில், புதிதாகக் கட்டிய மின்நிலையம் ஒன்றில் அவருக்கு வேலை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை வருவார், ஞாயிறு பின்னேரம் போய்விடுவார். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றிக் கதைப்பதை நாங்கள் அப்போது நிறுத்தியிருந்தோம். மற்ற நாட்களில் நானும் வானொலியும்தான். சில நாள் பொழுது சாயும்போது, காலையிலிருந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது நினைவுக்கு வரும். தொண்டையைச் செருமிப் பார்ப்பேன், குரல் இருக்கிறதா என்று.

அவுஸ்திரேலியாவுக்கு வருமுன் நாங்கள் ஸ்டுட்கார்ட்டில் இருந்தோம். அவர் படித்தார், நான் ஒரு பேக்கரியில் பாண் சுற்றிக் கொடுத்தேன். அங்கே நான் கற்ற ஜேர்மன் மொழி பாண்கடை ஜேர்மன். சில்லறை, காலநிலை, பிள்ளை எப்படி, முதுகு நோ எப்படி, இவ்வளவும் சரளமாக வரும். மெரிலேண்ட்ஸ் கடைத்தெருவில் ஜேர்மன்காரர் ஒருவர் சீஸும் ஊறுகாயும் இறைச்சியும் விற்றார். எங்கள் வீட்டில் எவரும் தின்னாத கறுத்தப் பாணை வாங்க நான் அந்தக் கடைக்குப் போவேன். பாண் ஒரு சாட்டு. ஐந்து நிமிடம் எவரோடாவது கதைக்க வேண்டும், அவ்வளவுதான். அவரும் தன் ஊர் மொழி கேட்கிற சந்தோஷத்தில் கத்தியை வைத்துவிட்டுக் கதைப்பார்.

ஒரு நாள் அப்படிக் கதைத்துவிட்டுத் திரும்பினால், பின்னால் அடுத்த வீட்டு அம்மா நிற்கிறார். உயரமான, மெலிந்த மனுஷி. அந்தக் குளிர்காலத்தில்தான் அவருடைய கணவர் செத்துப்போயிருந்தார். நீளக் கறுப்புக் கார் வந்து நின்றதை யன்னலால் பார்த்தேன். அதன்பின் பாத்தியில் நோக்கோல் முற்றி வெடித்துப் பூக்கத் தொடங்கியது. ஒருவரும் பிடுங்கவில்லை.

அடுத்த நாள் காலை அவர் வேலியடியில் வந்து கூப்பிட்டார். அவர் பேசியது ஆங்கிலம். எனக்கு அது நினைவில் இருப்பது என் தமிழில்தான்.

"நீர் அந்தக் கடைக்காரரோட ஜேர்மன் கதைச்சனீர், என்ன?"

"ஓம். கொஞ்சம் தெரியும்."

"வாசிக்கவும் தெரியுமோ?"

தெரியும் என்றேன். அவர் வேலிப் பலகையைப் பிடித்தபடி சிறிது யோசித்தார். பிறகு சொன்னார், கணவர் யுத்தம் முடிந்து வரும்போது ஜேர்மன் இராணுவப் பெட்டிகள் மூன்று கொண்டுவந்தவராம். கராஜில் இருக்கின்றனவாம். அந்த ஊர் முன்னாள் படைவீரர் கிளப்பில் யுத்தச் சாமான்களுக்கு ஒரு கண்ணாடி அலுமாரி வைக்கப் போகிறார்களாம், பெட்டிகளைக் கேட்கிறார்களாம். ஆனால் எது என்ன பெட்டி என்று சொல்ல வேண்டுமாம்.

"எனக்கு ஒண்டும் தெரியாது. உள்ளுக்க ஏதும் வெடிக்கிற சாமான் கிடக்குமோ எண்டும் பயமாக் கிடக்கு. இருபத்தைஞ்சு வருஷமா அதுகளைச் சுத்திச் சுத்திக் கூட்டினனானே ஒழிய, தொட்டதில்லை."

அந்த வீட்டு வளவுக்குள் நான் கால்வைத்தது அன்றுதான். புதன்கிழமை என்று நினைவு, ஏனென்றால் அதற்குப் பிறகு புதன்கிழமை என்பது எங்கள் நாளாகிவிட்டது.

கராஜில் மண்ணெண்ணெயும் காய்ந்த புல்லும் மணத்தன. மூலையில், கித்தான் மூடிய குவியல். அவர் ஒரு நுனியையும் நான் ஒரு நுனியையும் பிடித்து இழுத்தோம்.

மேலே இருந்தது நீளப் பெட்டி. பைன் பலகை. சாம்பல் பச்சைப் பெயின்ற் பல இடங்களில் உரிந்திருந்தது. இரண்டு பக்கமும் கயிற்றுக் கைபிடி. பக்கவாட்டில் ஜேர்மன் இராணுவத்தின் சிறிய கழுகு முத்திரை, அதன் கீழே இலக்கங்கள். கழுகைக் கண்டதும் அந்த அம்மா ஓரடி பின்னால் போனார். மூடியைத் திறந்தேன். உள்ளே வெடிக்க ஒன்றும் இல்லை, சிலந்திவலைதான். அடியில் அரைவட்டமாக வெட்டிய சட்டங்கள். பீரங்கிக் குண்டுகள் உருளாமல் படுத்துக்கொள்ள வெட்டியவை என்பது பார்த்தவுடன் விளங்கியது. மூடிக்கு மேலே கறுப்பு மையில் அச்சடித்த பெரிய எழுத்துகள். நான் உரத்து வாசித்தேன்.

"நிஷ்ட் வெர்ஃபன்."

"என்ன அர்த்தம்?" என்றார், கிட்ட வராமல்.

"எறிய வேண்டாம் எண்டு போட்டிருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். "பீரங்கிக் குண்டையோ? எறிய வேண்டாமாமோ?"

"ஓம். மெதுவா வைக்கட்டாம்."

அவர் சிரித்தார். முதலில் மூக்கால் ஒரு சத்தம், பிறகு கராஜ் சுவரில் கைவைத்துக்கொண்டு கண்ணீர் வருமட்டும் சிரித்தார். நானும் சிரித்தேன். ஒரு மனிதப் பிறவியை நான் சிரிக்கவைத்து எத்தனை மாதம் ஆகியிருந்தது என்று எனக்கே தெரியவில்லை. வீட்டுக்குப் போன பிறகும், கறிக்கு வெங்காயம் வெட்டும்போதும், என் வாய் அந்தச் சிரிப்பின் மிச்சத்திலேயே இருந்தது.

அந்தப் பெட்டியில் ஒரு விஷயம் எனக்கு விளங்கவில்லை. ஒரு பக்கத்துச் சட்டங்களை எவரோ மரம் அரியும் வாளால் அறுத்துவிட்டு, குறுக்கே பலகை வைத்து ஆணி அடித்த தடம் இருந்தது. அலுமாரித் தட்டுப் போல. மூடியின் உட்புறத்தில் ஏதோ சஞ்சிகையிலிருந்து கிழித்து ஒட்டிய படத்தின் பாதி, பனி மூடிய மலை ஒன்று. அன்றைக்கு நாங்கள் இருவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

இரண்டாவது பெட்டி சதுரமானது, அதுவும் பைன். அதிலிருந்தவை முழுச் சொற்கள் அல்ல, சொற்சுருக்கங்களும் இலக்கங்களும். என் பாண்கடை ஜேர்மனுக்கு அது எட்டவில்லை. "அந்தக் கடைக்காரரைக் கேட்டுப் பாக்கிறன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. கடைக்குப் போக, பாண் அல்லாத ஒரு காரணம் கிடைத்திருக்கிறது அல்லவா?

கடையில் ஆள் குறைந்த நேரம் பார்த்துப் போனேன். அவருக்கு என்னைக் கண்டதும் வழக்கமான சந்தோஷம். நான் அந்த எழுத்துகளைச் சொல்லி, இது எதன் சுருக்கம் என்று கேட்டேன். அவர் சீஸ் சுற்றிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"இதை எங்கே கண்டீர்கள்?" என்றார் ஜேர்மனில்.

பக்கத்து வீட்டில், பழைய பெட்டி ஒன்றில் என்றேன்.

"கண்ணிவெடி. டாங்கிக்கு வைக்கிறது." அதைச் சொல்லிவிட்டு அவர் தாளின் மடிப்பை நகத்தால் நீவினார். தேவைக்கு மேலாக நீவினார். பிறகு தலையை நிமிர்த்தி, ஆங்கிலத்தில், "வேறு ஏதும் வேண்டுமா, மேடம்?" என்றார்.

அதன் பிறகு அவர் என்னோடு ஜேர்மன் பேசவே இல்லை. நான் ஜேர்மனில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும், மரியாதையாக, சுருக்கமாக. அவர் யுத்தத்தில் எங்கே இருந்தார், அந்தப் பெட்டிகளை அவரே தூக்கியிருப்பாரா, எனக்குத் தெரியாது. கேட்கவும் முடியாது. சில கிழமைகளில் நான் கறுத்தப் பாண் வாங்குவதை விட்டுவிட்டேன்.

அடுத்த புதன்கிழமை கண்ணிவெடி என்று சொன்னதும் அந்த அம்மா பெட்டியின் மூடியைத் தடவினார். "பாலைவனத்தில எத்தினை பொடியங்கள் இதில மிதிச்சிருப்பாங்கள்" என்றார். தேநீர் போட்டுத் தந்தார். அப்போதுதான் கணவரைப் பற்றி முதல்முறையாகக் கதைத்தார். வட ஆபிரிக்காவில் சண்டை பிடித்தவர் அவர். ஆனால் ஒரு நாளும் அதைப் பற்றி வாய் திறக்கமாட்டார். ஏப்ரல் மாதத்தில் முன்னாள் வீரர்கள் எல்லோரும் மெடல் குத்திக்கொண்டு ஊர்வலம் போகும் நாளில், விடியவே தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றுப்பக்கம் தனியப் போய்விடுவார். இருட்டித்தான் வருவார்.

"தாங்க ஏலாமப் போறார் எண்டு எனக்குத் தெரியும். மகன் சின்னப் பிள்ளையா இருக்கேக்க அவனுக்கும் சொல்லி வைச்சிருந்தனான், அப்பாவிட்ட யுத்தத்தைப் பற்றிக் கேக்கக் கூடாது எண்டு. அண்டைக்கு நானும் வீட்டில ரேடியோ போடமாட்டன்."

தேநீர் முடிந்ததும் மூன்றாவது பெட்டியைப் பார்க்கப் போனோம்.

அது எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. மற்ற இரண்டையும் போல ஒருவர் தூக்கக்கூடியது அல்ல. இருவரும் சேர்ந்தும் தூக்க முடியாமல் தரையோடு தள்ளிக் கராஜ் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தோம். பெயின்ற் இல்லை, கழுகு இல்லை. மூலைகளில் ஆணியும் இல்லை. பலகைகளை விரல் கோத்தது போலப் பொருத்தியிருந்தார்கள். உள்ளே அந்தக் கிழவரின் பழைய தூண்டில் சாமான்கள். நைலோன் நூல், ஈயக்குண்டு, துருப்பிடித்த கொழுக்கிகள். அந்த அம்மா ஒவ்வொன்றாக எடுத்து நிலத்தில் வைத்தார். வெறுமையான பிறகு பார்த்தால், மூடியின் உட்புறத்தில் எழுத்துகள். மை எழுத்தல்ல. உளியால் அழகாகச் செதுக்கியவை.

இதில் சொற்சுருக்கம் எதுவும் இல்லை. முழு வசனம். ஸ்டுட்கார்ட்டில் என்னிடம் பாண் வாங்கியவர்கள் பேசிய அதே நல்ல, எளிய ஜேர்மன். மனதுக்குள் ஒருமுறை வாசித்தேன். பிறகு அவருக்குச் சொன்னேன்.

"எங்களுக்கு விதை கொண்டுவந்து தந்த காவலாளிக்கு, எண்டு போட்டிருக்கு."

"என்ன?"

"விதை. நடுகிற விதை. அதுக்குக் கீழ, இரண்டாம் குடில் ஆக்கள், கிறிஸ்மஸ் எண்டு இருக்கு. யுத்தம் முடிய முந்தின ஒரு வருஷம். பிறகு ஒரு சொல், லாகர். அதுக்கொரு இலக்கமும்."

"லாகர் எண்டா?"

"முகாம்."

அவர் குனிந்தார். முழங்காலில் இருந்து, பெருவிரலை நாக்கில் நனைத்து, மூடியின் ஓரத்தில் அழுத்தித் தேய்த்தார். தூசி போன இடத்தில் மரம் இரத்தச் சிவப்பாகத் தெரிந்தது. மறுபடி நனைத்துத் தேய்த்தார். மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மணந்தார்.

"இது ரெட் கம். இந்த நாட்டு யூக்கலிப்டஸ் மரம்" என்றார். "என்ர அப்பா மர்ரே ஆத்தங்கரையில மர ஆலை வைச்சிருந்தவர். ரயில் பாதைக்குச் சிலிப்பர்க் கட்டை அறுத்துக் குடுக்கிறது இந்த மரத்தில. நான் இந்தத் தூளுக்குள்ள வளந்தனான். இது ஆத்தங்கரை மரம். பாலைவனத்தில முளைக்காது. ஜேர்மனியிலயும் முளைக்காது."

நான் வாசித்ததையும் அவர் சொன்னதையும் சேர்த்துப் பார்க்க எங்களுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. யுத்தகாலத்தில் வட ஆபிரிக்காவில் பிடிபட்ட ஜேர்மன்காரர் பலரைக் கப்பலில் ஏற்றி அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்து, விக்டோரியாவில் அந்த மர்ரே ஆற்றுக்குத் தெற்கே முகாம்களில் அடைத்து வைத்திருந்தார்கள். வெற்றுக் குண்டுப் பெட்டிகளில் தங்கள் உடுப்பு, புத்தகங்களைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். குடில்களில் அவற்றையே அலுமாரி ஆக்கியிருக்கிறார்கள். பனிமலைப் படத்தை ஒட்டியிருக்கிறார்கள். அவருடைய கணவர் பாலைவனத்தைக் கண்டவரே அல்ல. அந்தக் கம்பிவேலிக்கு வெளியே துவக்கோடு நின்ற காவல்காரர்.

அந்த அம்மா பெட்டியின் விளிம்பிலேயே இருந்துவிட்டார்.

"கலியாணம் முடிச்சு இந்த வீட்டுக்கு வந்த அண்டைக்கு நான் கேட்டனான், இந்தப் பெட்டியெல்லாம் எங்கால எண்டு. 'ஜேர்மன்காரரிட்ட இருந்து' எண்டு சொன்னவர். அவ்வளவுதான். வேற ஒண்டும் சொல்லேல்லை." மூடியைப் பார்த்தபடி, "அவர் பொய் சொல்லேல்லை. பாலைவனத்தை நான்தான் வைச்சனான். தெருவுக்குச் சொன்னனான். மகனுக்குச் சொன்னனான்."

பிறகு, நான் கேட்காமலே, ஒன்று சொன்னார். இருவரும் முதன்முதல் சந்தித்தது சிட்னியில் ஒரு நடனத்தில். எந்த ஊர் என்று அவர் கேட்க, இந்த அம்மா தன் ஊரைச் சொல்லியிருக்கிறார். ஆற்றுக்கு அக்கரையில் சில மணித்தியாலத் தூரத்தில் கைதிகள் முகாம் இருந்ததென்றும், சண்டைக்குப் போகத் துணிவில்லாத ஆட்கள் அங்கே ஸ்டூலில் குந்தியிருந்து யுத்தத்தை வென்றார்கள் என்றும் பகிடி விட்டிருக்கிறார். அந்தக் காலத்தில் ஊர்ப் பெண்கள் எல்லோரும் விட்ட பகிடிதானாம்.

"அவர் சிரிச்சவர்" என்றார் அந்த அம்மா. "என்னை விடக் கூடச் சிரிச்சவர்."

நான் அவருடைய கையைப் பிடிக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த ஊரில் அப்படிப் பிடிப்பது வழக்கமா என்று தெரியவில்லை. நிலத்தில் கிடந்த தூண்டில் சாமான்களை எடுத்து ஒரு வாளியில் போட்டுவிட்டு வந்தேன். வரும்போது பாத்தியைப் பார்த்தேன். பூத்துக் காய்த்து, விதை உலர்ந்து நின்ற நோக்கோல். ஸ்டுட்கார்ட்டில் சந்தைக்குச் சந்தை அதுதான் குவிந்து கிடக்கும். அந்தக் கிழவர் யாருக்கு விதை கொடுத்து, யாரிடம் அதைத் தின்னப் பழகினார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த புதன் அவர் கூப்பிடவில்லை. அதற்கு அடுத்த புதனும் இல்லை. யன்னல் திரை மூடியபடியே இருந்தது. உடுப்புக் காயப்போட நான் வெளியே வந்தால், அந்தப் பக்கத்தில் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்.

என் கணவர் வந்தபோது சொன்னேன். அவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"உமக்கென்னத்துக்கு அடுத்த வீட்டு விசயம்? இஞ்ச இந்தச் சனம் எங்களோட கதைக்கிறதே பெரிய காரியம். அதையும் கெடுத்துப்போட்டீர்."

"எழுதியிருந்ததை வாசிச்சனான். வேற என்ன செய்யிறது?"

"தெரியேல்லை எண்டு சொல்லியிருக்கலாம்."

"நீங்கள் இரண்டு கிழமைக்கு ஒருக்கா வாறனீங்கள். எனக்குத் தெரிஞ்சதைக் கேக்க இந்த ஊரில ஒரு ஆள் வந்தது. அவவிட்டயும் தெரியாதெண்டு சொல்லவோ?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.  அன்றிரவு கோப்பைகளை அவர் கழுவினார். 

அடுத்த வெள்ளிக்கிழமை காலை என் கதவு தட்டுப்பட்டது. முன்கதவு. அந்த அம்மா வேலியடியை விட்டு என் வாசலுக்கு வந்தது அதுதான் முதல்தடவை. நல்ல உடுப்பு உடுத்திருந்தார்.

"நாளைக்கு கிளப் ஆள் வாறார், பெட்டியளைப் பாக்க. மகனும் வாறான். நீர் என்னோட வந்து நிப்பீரோ?"

"என்ன சொல்லப் போறியள்?"

"தெரியேல்லை. அதுக்குத்தான் கேக்கிறன்."

கிளப்பிலிருந்து வந்தவர் கோட்டில் சின்ன ஊசி குத்திய, மரியாதையான வயதான மனிதர். மகன் குழாய் வேலை செய்பவன், பெரிய ஆகிருதி, தன் வான் வண்டியைப் பின்பக்கமாக ஓட்டி வந்து கராஜ் வாசலில் நிறுத்தியிருந்தான், பெட்டிகளை ஏற்றத் தயாராக. நீளப் பெட்டியைக் காட்டி, பீரங்கிக் குண்டு என்றேன். சதுரப் பெட்டி கண்ணிவெடி என்றேன். கிளப் மனிதர் சந்தோஷமாகத் தலையாட்டினார். மகன் தகப்பனைத் தட்டிக்கொடுப்பது போலப் பெட்டியைத் தட்டினான். மூன்றாவது பெட்டிக்கு வந்ததும் நான் அந்த அம்மாவைப் பார்த்தேன்.

"வாசியும்" என்றார்.

வாசித்தேன். ஆங்கிலத்தில் சொன்னேன். மகனுக்கு முகம் சிவந்தது.

"அம்மா, இவவுக்கு என்ன தெரியும்? இவ இந்தியாக்காரி."

"எழுத்தை இவ வாசிச்சா. மரத்தை நான் பாத்தனான். ரெண்டு பேரும் பிழையோ?"

கிளப் மனிதர் தொண்டையைச் செருமினார். "அப்ப இவை சண்டையில பிடிச்ச பெட்டியள் இல்லை."

"இல்லை" என்றார் அந்த அம்மா. "கைதியள் உடுப்பு மடிச்சு வைச்ச பெட்டியள். என்ர மனுஷன் அவையளைக் காவல் காத்தவர். அப்பிடி எழுதி வைக்கிறதெண்டா எடுத்துக்கொண்டு போங்கோ."

கிளப் மனிதர், அலுமாரியில் இடம் குறைவு, கமிட்டியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார். கமிட்டியிடமிருந்து பிறகு எந்தப் பதிலும் வரவில்லை.

மகன் வானுக்குள் போய் ஏறி இருந்தான். போய்விடுவான் என்று நினைத்தேன். கனநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்துவிட்டு இறங்கி வந்தான். தாயிடம் அல்ல, பெட்டியைப் பார்த்துத்தான் பேசினான்.

"பள்ளிக்கூடத்தில ஒருக்கா எல்லாரும் தங்கட அப்பாவைப் பற்றிக் கதைக்க வேணும் எண்டு விட்டவை. நான் பாலைவனத்தைப் பற்றிக் கதைச்சனான். டாங்கி, மணல்புயல், எல்லாம். அப்பாவும் வந்தவர். பின்சுவரோட நிண்டவர்."

"எனக்குத் தெரியாதே" என்றார் தாய். "வீட்டை வந்து என்ன சொன்னவர்?"

"நல்லாக் கதைச்சாய் எண்டு சொன்னவர்."

அவன் அழவில்லை. மூடியின் எழுத்துகளை விரலால் தடவினான். எழுத்து எழுத்தாக, தெரியாத மொழியை. தாய் அவனுக்குப் பக்கத்தில் போய் நின்றார். நான் அங்கே நிற்கத் தேவையில்லை என்று தோன்றியது. வேலியைச் சுற்றி வீட்டுக்கு வந்து, யன்னல் பக்கம் போகாமல் முன்னறையில் இருந்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் புதன்கிழமைகள் திரும்பி வந்தன. பாத்தியில் உலர்ந்து நின்ற செடிகளை ஒரு நாள் இருவரும் பிடுங்கி, விதையைப் புடைத்தெடுத்துத் திரும்ப விதைத்தோம். காய்த்தபோது நான் நோக்கோல் கறி வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உறைப்பில் கண் கலங்கி, இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்து, மறுபடி கேட்டு வாங்கித் தின்றார். கணவரைப் பற்றி நிறையக் கதைத்தார், ஆனால் வேறு விதமாக. முன்பு அவருடைய மௌனத்தைக் காயம் என்று நினைத்து அவரைச் சுற்றி நுனிக்காலில் நடந்த மனுஷி, இப்போது சில நாள் அவரோடு கோபித்தார். "வாயைத் திறந்திருக்கலாமே மனுஷன்! நான் என்ன, விட்டுட்டுப் போயிருப்பனோ?" என்பார். அடுத்த நிமிடமே, "போயிருப்பன் போலதான். அப்ப எனக்கு இருபத்துமூண்டு வயசு" என்பார்.

அந்த மனிதரை நான் நினைத்துக்கொள்வேன். ஒரே மேசையில் மனைவியோடு சாப்பிட்டு, ஒரே கூரையின் கீழ் படுத்து எழும்பி, ஒரு மூடிக்குள் செதுக்கியிருந்ததை மட்டும் ஒருவருக்கும் காட்டாமல் இருந்த மனிதர். அந்தப் பெட்டியை எரித்துவிட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். எரிக்கவில்லை. அவருடைய வாழ்க்கையில் எவராவது அவருக்கு உளியெடுத்து நன்றி சொல்லியது அந்த ஒருமுறைதானோ என்னவோ.

மகன் இப்போது அடிக்கடி வந்தான். என்னைக் கண்டால் கையை உயர்த்துவான். ஒரு முறை எங்கள் குசினிக் குழாய் ஒழுகியதைக் கேட்காமலே திருத்திவிட்டுப் போனான். அவனுக்கு வடக்குக் கரையோர ஊர் ஒன்றில் வேலை கிடைத்தது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போக விரும்பினான். ஒரு வருடம் மறுத்துவிட்டு அவர் சம்மதித்தார். பைன் பெட்டிகள் இரண்டும் கராஜிலேயே விடப்பட்டன. சிவப்புப் பெட்டியை வானில் ஏற்ற மகனோடு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

போகும் காலையில் அவர் என் வாசலில் வந்து நின்றார். கையில் கையுறை, காலில் நல்ல சப்பாத்து.

"ஒண்டு கேக்கவேணும். நீரும் உம்மட மனுஷனும் வீட்டில என்ன கதைக்கிறனீங்கள்? ஜேர்மனோ?"

இவ்வளவு காலத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை.

"இல்லை. தமிழ்."

"அதில ஏதும் சொல்லும், கேப்பம்."

எனக்கு என்ன சொல்வதென்று வரவில்லை. கணவர் ஞாயிறு போனபின் என் வாயில் தமிழ் வரவே இல்லை. கடைசியில், "போட்டு வாங்கோ" என்றேன்.

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"போய்விட்டு, திரும்ப வாங்கோ."

அவர் அதை யோசித்தார். "நான் திரும்ப வரமாட்டன்" என்றார், நேர்மையாக. பிறகு என் கன்னத்தில் கையுறையோடு ஒருமுறை தொட்டுவிட்டு வானில் போய் ஏறினார். நான் கையசைத்தேன். அவர் முன்னுக்குப் பார்த்தபடி இருந்தார், மகன் ஏதோ சொல்ல, தலையாட்டினார். வான் தெருமுனையில் திரும்பியது.

அது செவ்வாய்க்கிழமை. என் கணவர் வரும் வெள்ளி அதற்கடுத்த கிழமைதான். உள்ளே போய் வானொலியைப் போட்டேன், சத்தத்தைக் கூட்டினேன், அரிசி கழுவத் தொடங்கினேன்.